காகம், பன்றி, ஆடு

செடெனாக் பக்கம் ஒருத்தர் வலிப்பு வந்து சாலையோரம் விழுந்தால், சுற்றி நிற்பவர்கள் மூன்று மொழியில் பேசிக்கொள்வார்கள். தமிழர் ‘காக்கா வலிப்பு’ என்பார். மலாய்க்காரர், கொஞ்சம் வயசானவராக இருந்தால், ‘கிலா பாபி’ என்பார். பன்றிப் பைத்தியம் என்று அர்த்தம். சீனர் ‘யாங் தியென் ஃபெங்’ என்பார். அது ஆட்டுப் பைத்தியம். ஒரே ஊர், ஒரே நோய், மூன்று விலங்கு.

‘கால் கை வலிப்பு’ என்பதுதான் பேச்சில் மருவி காக்கா வலிப்பு ஆனது, காகத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். காலும் கையும் இழுப்பதும் வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரிவதுதானே? மூன்று மொழிப் பெயரும் வேடிக்கை பார்ப்பவன் வைத்த பெயர். இழுக்கும் உடம்பு, தள்ளும் நுரை, தொண்டையில் எழும் சத்தம், இவற்றைப் பார்த்து வைத்தது. விழுவதற்கு முந்தைய சில விநாடிகளில் அந்த ஆளுக்கு என்ன தெரிந்தது என்பது எந்தப் பெயரிலும் இல்லை.

ஆனால் மருத்துவ வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால், வலிப்பு நோயைப் பற்றி மனிதர்கள் கற்றுக்கொண்டதில் பெரும்பங்கு அந்தச் சில விநாடிகளில் இருந்துதான் வந்திருக்கிறது. கேட்டவர்கள் கற்றுக்கொண்டார்கள். கேட்காதவர்கள் பெயர் மட்டும் வைத்தார்கள்.

உள்ளே என்ன தெரிகிறது

வலிப்பு என்றதும் விழுவதும் துடிப்பதும் மட்டும்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. உண்மையில் வலிப்பு என்பது மூளை நரம்புச் செல்கள் கூட்டமாக, கட்டுப்பாடில்லாமல், ஒரே தாளத்தில் மின்துடிப்பை வெளியிடுவது. எந்த இடத்தில் அது கிளம்புகிறதோ அந்த இடத்தின் வேலைதான் முதலில் கெடும். கையை அசைக்கும் இடத்தில் கிளம்பினால் கை இழுக்கும். பார்வைக்கான இடத்தில் கிளம்பினால் உடம்பு அசையாமல் இருக்க, உலகம் மட்டும் மாறும்.

பிடரிக்கு நேர் உள்ளே, மூளையின் பின்கோடியில் பார்வைப் பகுதி இருக்கிறது. அங்கே தொடங்கும் வலிப்பில் பெரும்பாலும் சின்னச் சின்ன வண்ண வட்டங்கள் தெரியும். ஒரு பக்கமாகத் தோன்றி, பெருகி, நகரும். சில சமயம் பார்வையே கொஞ்ச நேரம் போய்விடும். அதற்குச் சற்று முன்னால், பொட்டுப் பகுதியும் உச்சிப் பகுதியும் வந்து சேரும் இடத்தில் தொடங்கினால் கதையே வேறு. எதிரில் நிற்பவர் கைப்பிள்ளை அளவுக்குச் சிறுத்துப்போவார். சுவர்க் கடிகாரம் ஊதிப் பெருக்கும். பக்கத்தில் உள்ள கதவு ரொம்ப தூரத்துக்குப் போய்விடும். நேர்க்கோடு நெளியும். பார்த்து முடித்த பொருள், கண்ணைத் திருப்பிய பிறகும் காற்றில் நிற்கும். பெரும்பாலும் எல்லாம் சில விநாடி, மிஞ்சினால் இரண்டு மூன்று நிமிடம். அதோடு முடிந்தும் போகலாம். மின்துடிப்பு மூளை முழுக்கப் பரவி, ஆள் விழவும் செய்யலாம்.

நான் படித்தது பொறியியல். எனக்கு இதை இப்படிச் சொன்னால்தான் புரிகிறது: கேமரா கெடவில்லை, வயரும் நன்றாக இருக்கிறது, படத்தைச் சேர்த்துக் காட்டும் செர்வரில் பிழை. கண் டாக்டரிடம் போனால் கண் சுத்தமாக இருக்கிறது என்றுதான் சொல்வார்.

1955-இல் ஜான் டாட் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் இந்தச் சிறுத்தல், பெருத்தலுக்கு ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ கதையின் பெயரை வைத்தார். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடமும் வலிப்பு உள்ளவர்களிடமும் இதை அவர் பார்த்திருந்தார். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது இன்றும் நடக்கிறது. கிரேக்க வம்சாவளி மருத்துவர் பனயோடோபுலோஸ் 1990-களில் இதை நோயாளிகளின் விவரிப்பை வைத்தே பிரித்துக் காட்டினார். ஒற்றைத் தலைவலியில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாக, கோட்டைச் சுவர் மாதிரி வெட்டு வெட்டாக ஒரு கோடு, நிமிடக் கணக்கில் மெதுவாக விரியும். வலிப்பில் வண்ண வட்டங்கள், விநாடிக் கணக்கில், திடுதிப்பென்று. ஸ்கேனில் ஒன்றும் தெரியாத நோயாளிக்கு எந்த மாத்திரை என்பதை முடிவு செய்ய, “வட்டமா, கோடா? கலரா, கறுப்பு வெள்ளையா? எவ்வளவு நேரம்?” என்ற கேள்விகள் அத்தனை முக்கியம். அந்த இடத்தில் நோயாளியின் வாய்ச்சொல்தான் பரிசோதனைக் கருவி.

கேட்டு எழுதியவர்கள்

இந்தக் கேள்வி ஏதோ நவீன மேற்கத்திய மருத்துவம் கண்டுபிடித்தது என்று நினைத்தால் தப்பு. நம் பக்கத்தில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யாரோ கேட்டிருக்கிறார்கள்.

சரக சம்ஹிதையில் வலிப்புக்குப் பெயர் அபஸ்மாரம். ‘ஸ்மர’ என்றால் நினைவு; அது விலகிப்போவது அபஸ்மாரம். கவனியுங்கள், இந்தப் பெயரில் கையும் இல்லை, காலும் இல்லை, விலங்கும் இல்லை. நோயாளிக்குள் நடப்பதைச் சொல்லும் பெயர் இது. இல்லாத உருவங்களைப் பார்த்துவிட்டு விழுகிறான் என்றே அந்த நூல் விவரிக்கிறது. பிறகு வகை பிரிக்கிறது. வாதத்தால் வருவதில் கரடுமுரடான, செம்மையும் கறுப்புமான உருவங்கள். பித்தத்தால் வருவதில் மஞ்சளும் இரத்தச் சிவப்பும். உலகமே தீப்பிடித்து எரிவதுபோல் தெரியும். கபத்தால் வருவதில் வெள்ளை உருவங்கள், தெளியவும் நேரமாகும்.

சுசுருத சம்ஹிதை இன்னும் ஒரு படி கிட்டே போகிறது. விழுவதற்கு முன் நோயாளி வாய்விட்டுச் சொல்வதையே அடையாளமாக வைக்கிறது. கறுப்பாக, கோரமாக ஏதோ ஒன்று என்னைத் துரத்திக்கொண்டு வருகிறது என்று சொன்னால் வாதம். மஞ்சளாகத் துரத்தினால் பித்தம். வெள்ளையாகத் துரத்தினால் கபம்.

மூன்று தோஷம், மூன்று நிறம் என்று இவ்வளவு ஒழுங்காக வருவதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கோட்பாட்டுக்கு ஏற்றபடி நிறங்களை அடுக்கி வைத்திருப்பார்கள் போல. இன்றைய நரம்பியல் நிறத்தை வைத்து இப்படிப் பிரிப்பதில்லை. ஆனால் சிவப்பு, மஞ்சள், எரியும் உலகம், துரத்தும் உருவம் என்பதெல்லாம் வைத்தியன் வெளியே நின்று பார்த்து எழுதக்கூடியவை அல்ல. நோயாளி சொல்லியிருக்க வேண்டும். வைத்தியன் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

காலடியில் கிடப்பவன்

தமிழில் இந்த நோய்க்கு இன்னொரு பழைய பெயர் இருக்கிறது: முயலகன். நடராஜர் சிலையில் வலது காலுக்குக் கீழே கிடக்கும் குள்ள உருவம் அவன்தான். வடமொழியில் அவனை அபஸ்மார புருஷன் என்பார்கள், அதாவது வலிப்பு நோயே மனித உருவம் எடுத்தது. 2004-இல் இந்திய அரசு ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்துக்கு ஒரு நடராஜர் சிலையைப் பரிசளித்தது. துகள் இயற்பியலும் பிரபஞ்ச நடனமும் பற்றி அப்போதும் பிறகும் நிறைய எழுதினார்கள். காலடியில் கிடப்பவன் பெயர் ஒரு நோயின் பெயர் என்பதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

திருச்சிக்குப் பக்கத்தில் திருவாசி என்ற ஊர் இருக்கிறது. தேவாரம் அதைத் திருப்பாச்சிலாச்சிராமம் என்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அங்கே வந்தபோது நடந்ததாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் ஒரு நிகழ்ச்சி சொல்கிறார். கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு முயலகன் என்னும் நோய். எந்த வைத்தியத்துக்கும் தீராமல், தகப்பன் அவளைக் கொண்டுவந்து கோயிலில் இறைவன் முன் கிடத்திவிடுகிறான். சம்பந்தர் பதிகம் பாடுகிறார். பெண் எழுந்து தகப்பனிடம் நடந்து போகிறாள். அந்தக் கோயிலில் நடராஜர் முயலகன் மேல் ஆடாமல் பாம்பின் மேல் ஆடுவதற்கு இதையே காரணமாகச் சொல்வார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று. பதிகத்தின் கேள்வி பெண்ணை நோக்கியதே இல்லை. இந்தப் பெண்ணை இப்படி வாட்டுவது உமக்குப் பெருமையா என்று இறைவனிடம்தான் வழக்கு. அவள் மேல் பழி இல்லை, அருவருப்பு இல்லை. பன்றிப் பைத்தியம் என்று சொன்ன ஊரை விட இது எவ்வளவோ மேல். ஆனால் கதை முழுக்க அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தகப்பன் அழுகிறான், சம்பந்தர் பாடுகிறார், இறைவன் அருள்கிறார். எழுந்து உட்கார்ந்தவளிடம் “என்னம்மா தெரிஞ்சது உனக்கு?” என்று கேட்க அங்கே ஆளில்லை. சுசுருதர் கேட்ட கேள்வி எங்கோ வழியில் விழுந்துவிட்டது.

லண்டன், மான்ட்ரியல், வேலூர்

அந்தக் கேள்வியை மறுபடி பிடித்தவர்களில் முக்கியமானவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் இருந்த ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன். அவருக்குக் கிடைத்த சிறந்த சாட்சி ஒரு நோயாளி, அவரே மருத்துவரும்கூட. பெயர் ஆர்தர் தாமஸ் மையர்ஸ். ஜாக்சன் தன் கட்டுரைகளில் அவரை ‘டாக்டர் இசட்’ என்று மறைத்து எழுதினார். முன்பே நடந்தது மறுபடி நடப்பதுபோன்ற ஒரு கனவு நிலை தனக்குள் வந்து போவதை மையர்ஸ் முன்னரே புனைபெயரில் எழுதியிருந்தார். ஒருமுறை நோயாளியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோதே அந்த நிலை வந்துவிட்டது. சுயநினைவு திரும்பியபோது, நிமோனியா என்று தன் கையெழுத்திலேயே எழுதியிருப்பதைப் பார்த்தார். எழுதியது ஞாபகமில்லை. ஆனால் நோய்க் கணிப்பு சரி. 1894-இல் அவர் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்தபோது, இடது பொட்டுப் பகுதியின் உட்புறத்தில் ஒரு சிறு சேதம் இருந்தது. கனவுக்கு ஒரு முகவரி கிடைத்தது.

ஜாக்சனின் சமகாலத்தவர் வில்லியம் கவர்ஸ், 1881-இல் வெளியிட்ட வலிப்பு நோய் பற்றிய நூலில், நோயாளிகள் விழுவதற்கு முன் கண்ட நிறங்களையும் வெளிச்சங்களையும் பொறுமையாகப் பதிவு செய்தார். 1929-இல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்ததை வெளியிட்டதும், நோயாளி சொன்னதோடு வைத்து ஒப்பிட ஒரு வரைபடம் வந்தது. பிறகு மான்ட்ரியல். வைல்டர் பென்ஃபீல்டு 1934-இல் அங்கே நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கினார். வலிப்பு நோயாளிகளை விழித்த நிலையிலேயே வைத்து அறுவை சிகிச்சை செய்வார். மூளைக்கு வலி தெரியாது; மண்டையோட்டுத் தோலை மரக்கச் செய்தால் போதும். மின்முனையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, இப்போது என்ன தெரிகிறது என்று கேட்பார். பின்கோடியைத் தொட்டால் நட்சத்திரமும் வண்ண ஒளியும். பொட்டுப் பகுதியைத் தொட்டால் சிலருக்கு எதிரில் உள்ளது நெருங்கும் அல்லது விலகும், சிலருக்குப் பழைய காட்சியே கண்முன் ஓடும். பாடநூல்களில் நாம் பார்க்கும் மூளை வரைபடத்தின் ஒரு பகுதி இப்படி, அறுவை மேசையில் படுத்திருந்த வலிப்பு நோயாளிகள் சொல்லச் சொல்ல வரைந்தது.

பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் ஜேக்கப் சாண்டி. கேரளத்தவர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1949-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1952-இல் அவரும் நரம்பியல் மருத்துவர் பால்தேவ் சிங்கும் சேர்ந்து வலிப்புக்கான அறுவை சிகிச்சையை அங்கே செய்தார்கள். இந்தியாவில் அதுதான் முதல். திருவாசியிலிருந்து வேலூர் ஒன்றும் அதிக தூரம் இல்லை. ஆனால் நோய் அதற்குள் உலகத்தைச் சுற்றி வந்திருந்தது.

வேலூரிலிருந்தே இன்னொரு விஷயமும் வந்தது, அதில் பன்றி வருகிறது. ஒரு காலத்தில் இந்தியாவில் வலிப்பு வந்தவர்களின் ஸ்கேனில் அடிக்கடி ஒரு சிறு புள்ளி தெரியும். அதைக் காசநோய்க் கட்டி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். மேத்யூ சாண்டி, ராஜ்சேகர் உள்ளிட்ட வேலூர்க் குழு அவற்றில் பல நாடாப்புழுவின் இளம்பருவக் கூடு என்று 1989-இல் லான்செட் இதழில் காட்டியது. அது பன்றி நாடாப்புழு. கவனிக்க வேண்டியது, மூளைக்குள் அது வருவது பன்றி இறைச்சி வழியாக அல்ல. புழு உள்ள ஒரு மனிதரின் மலத்திலிருந்து முட்டைகள், கழுவாத கை, காய்கறி, தண்ணீர் வழியாக அடுத்தவர் வயிற்றுக்குப் போகின்றன. சுத்த சைவருக்கும் வரும். ஆக இந்த நோயில் பன்றிக்கு உண்மையிலேயே ஒரு பங்கு உண்டு. ஆனால் ‘கிலா பாபி’ என்று திட்டியவர்கள் நினைத்த பங்கு அது இல்லை.

தோட்டத்தில்

இப்போது செடெனாக்குக்குத் திரும்புவோம். ஜொகூர் வழியாக ரயில் பாதை முழுமையாக ஓடத் தொடங்கியது 1909-இல். அதை ஒட்டிக் காடு அழிந்து பால்மரம் வந்தது, பால் வெட்டத் தமிழர்கள் வந்தார்கள். லயத்து வீடு, ஆயாக் கொட்டகை, தோட்டத்து மருத்துவமனை, அதில் ஒரு டிரெசர். தோட்ட நிர்வாகத்துக்கு முக்கியமான நோய்கள் மலேரியாவும் வயிற்றுப்போக்கும். அவை கூட்டமாக ஆட்களைச் சாய்க்கும், வேலை நாள் போகும். எப்போதாவது ஒரு நிமிடம் வெறித்துப் பார்த்து நிற்பவன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான்.

மருந்து இல்லாமல் இல்லை. 1857 முதல் புரோமைட், 1912 முதல் ஃபீனோபார்பிட்டல், 1938 முதல் ஃபெனிட்டாயின் என்று உலகில் ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் மருந்து கொடுக்க வேண்டுமானால் நோய் என்று தெரிய வேண்டும். விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கோடு பால் வெட்டப் போன ஒருவர் திரும்பி வந்து, “கறுப்பா ஒண்ணு என்னைத் துரத்துச்சு” என்று சொன்னால் லயத்தில் என்ன நடக்கும்? முனி அடித்துவிட்டது என்பார்கள். பூசாரி வருவார், கயிறு கட்டுவார். சிலர் மலாய் போமோவிடமும் போவார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் சுசுருதர் காதில் நோய்க்குறியாக விழுந்த அதே வாக்கியம், தோட்டத்தில் பேயாக விழுந்தது.

சரி, பேய் இல்லை என்று மருத்துவமனைக்குப் போனால் வேறு பயம். பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை 1911-இல் திறந்தது. ஜொகூர் தம்போயில் இருப்பது, இன்றைய பெர்மாய் மருத்துவமனை, 1937-இல் திறந்தது. இரண்டு ஊர்ப் பெயரும் நம் பேச்சில் திட்டாகவே மாறிவிட்டன. “ஆளு ரெண்டடிக்குச் சின்னதாத் தெரியுறாங்க” என்று டிரெசரிடம் சொல்லிவிட்டு தம்போய்க்குப் போக யார் துணிவார்கள்? வலிப்பு விழுந்தால் ஊரே பார்க்கும், மறைக்க முடியாது. பார்வை மாறுவதை மறைக்கலாம். மறைத்தார்கள். மறைத்தவர் கையில் பால் வெட்டும் கத்தி இருந்தது. வீட்டில் விறகடுப்பு இருந்தது.

தோட்டத்துச் சாலையைப் பற்றி ஒரு கேள்வியும் வருவதுண்டு: வரிசை மரங்களுக்கு நடுவே வெயில் விட்டு விட்டு முகத்தில் அடித்தால் வலிப்பு வருமா? மரச்சாலை வெயிலின் இந்த மினுக்கலை பிரிட்டனின் கிரே வால்டர் 1950-களிலேயே எழுதியிருக்கிறார். மின்னும் ஒளியால் வலிப்பு வருபவர்கள் நோயாளிகளில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். அவர்களுக்கும் அதிக ஆபத்து விநாடிக்கு 15 முதல் 25 முறை மின்னும்போது. செம்பனை 9 மீட்டர் இடைவெளியில் நடப்படுகிறது. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போனால் விநாடிக்குச் சுமார் 30 மீட்டர். ஒற்றை வரிசை மரம் என்றால் மூன்றரை மினுக்கல்கூட வராது. திரைதான் மோசம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் தொடரில் சிவப்பும் நீலமும் விநாடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறி மின்னிய ஒரு காட்சியால் அறுநூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போனார்கள்.

பெயரை மாற்றினால் போதுமா

2010 வாக்கில் கொரிய மருத்துவர்கள் பைத்தியம் என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருந்த பழைய பெயரை விட்டுவிட்டு, மூளை மின்சாரத்தைக் குறிக்கும் புதுப் பெயரை வைத்தார்கள். ஹாங்காங்கிலும் அதே ஆண்டு பெயர் மாறியது. மலாயில் இப்போது ‘எபிலெப்சி’ என்றுதான் எழுதுகிறார்கள். சட்டமும் தாமதமாகவே மாறியது. இந்தியாவின் 1955 இந்துத் திருமணச் சட்டம் வலிப்பு நோயை மனநோயோடு சேர்த்து வைத்து, அது உள்ளவரின் திருமணத்தைச் செல்லாததாக்க வழி வைத்திருந்தது. அந்த வார்த்தையை எடுக்க 1999 வரை ஆனது. வரன் பேசும்போது மாத்திரைப் பட்டையை ஒளித்துவைக்கும் பழக்கம் எந்தத் திருத்தத்தாலும் இன்னும் போகவில்லை.

பெயர் மாற வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் புதுப்பெயரும் வெளியிலிருந்து ஒட்டும் இன்னொரு லேபிளாக நின்றுவிடக் கூடாது. உலகில் சுமார் ஐந்து கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ‘சரியாகக் கண்டுபிடித்து’ என்ற இடத்தில்தான் நம் மொழி வர வேண்டியிருக்கிறது. பொருள் சிறுத்துத் தெரிவதற்கு, தூரம் விலகுவதற்கு, பார்த்தது கண்ணில் ஒட்டி நிற்பதற்கு மருத்துவத்தில் தனித்தனிக் கிரேக்கப் பெயர் உண்டு. தமிழில் இல்லை. அதனால் நம் ஆட்கள் “தலை சுத்துச்சு டாக்டர்”, “கண்ணு ஒரு மாதிரி ஆச்சு” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். டாக்டர் எழுதிக்கொள்வது தலைசுற்றல்.

ஆகவே யாராவது பக்கத்தில் வலிப்பு வந்து விழுந்தால் சாவிக்கொத்தைத் தேடாதீர்கள். இரும்பு எதையும் நிறுத்தாது. வாயில் எதையும் திணிக்காமல், கைகாலை அமுக்கிப் பிடிக்காமல், தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். அவர் எழுந்து, தண்ணீர் குடித்து, கூட்டம் கலைந்த பிறகு மெதுவாகக் கேளுங்கள்: விழுறதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சது? என்ன கலர்? எந்தப் பக்கம்? அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, டாக்டரிடம் போகும்போது கையில் கொடுத்தனுப்புங்கள்.